பதின்மூன்றாவது ஆமென்

இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் கிணற்றில் விழுந்து சாகவேண்டிய செண்பகவடிவு, அந்த வருஷம் தவக்காலத்தின் மூன்றாம் வியாழக்கிழமைக்குப் பிறகு சாகவில்லை. கிணற்றடிவரைக்கும் வந்தாள், கயிற்றைப் பிடித்தாள், குனிந்து தண்ணீரைப் பார்த்தாள், பிறகு ஒரு குடம் இறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த பக்கத்தில் அவளுக்காக அழவேண்டிய புருஷன் கடைக்குப் போய்க் காப்பித்தூள் வாங்கிவந்தான். ஆறுதல்புரம் கிளை நூலகத்தில் அந்த நாவலுக்கு இரண்டு பிரதிகள் இருந்தன, இரண்டிலும் அப்படியே இருந்தது. பஸ் ஏறிப் பக்கத்து ஊர் நூலகத்தில் பார்த்தார்கள், அங்கேயும் அவள் குடத்தோடுதான் போய்க்கொண்டிருந்தாள்.

அதற்குக் காரணம் பாக்கியலீலா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், இரண்டு ஆண்பிள்ளைகளைக் கோயம்புத்தூருக்கும் துபாய்க்கும் அனுப்பிவிட்டு, கடைசி மகள் ஹெப்சியைச் சென்னைக்குக் கொடுத்துவிட்டு, புருஷனைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு, மத்தியானங்களை என்ன செய்வதென்று தெரியாமல் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தவள். நூலகர் மாரித்தங்கம் வாசலில் ஒரு நீளநோட்டு வைத்திருந்தாள். எடுத்துப்போகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் வாசகர் தன் கருத்தை அதில் எழுதவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மற்றவர்கள் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பாக்கியலீலாவுக்கு அப்படி எழுத வரவில்லை. 'ஆசிரியர் மழையை நல்லா எழுதியிருக்கார். ஆனா அந்த லாரி டிரைவருக்கு ஒரு வாய்ச் சோறு எழுதலை. நாலு நாள் பட்டினி. அவனுக்காக ஜெபிக்கணும்' என்று எழுதினாள். 'இதில் வரும் மாமியார் கெட்டவள்தான், ஆனாலும் அவள் முழங்கால்வலி உண்மை. ஜெபிக்கணும்' என்று எழுதினாள். எந்தக் கருத்தையும் அவளால் வேறுவிதமாக முடிக்க முடிந்ததில்லை.

நேராக நோட்டில் எழுதினால் அடித்தல் திருத்தல் வரும் என்று பயந்து, முதலில் வீட்டில் கையில் கிடைத்த தாளில் எழுதிப் பார்ப்பாள். அந்த வாரம் கையில் கிடைத்தது அவளுடைய ஜெபக்குறிப்பு நோட்டு. வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவள் வீட்டு முன்னறையில் கூடுகிற பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு, அவளையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் வருவார்கள். பாட்டு எடுத்துக் கொடுக்கிற எமிலியக்கா நோட்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "யோவேல் மகனுக்கு வேலை, குருவானவர் சம்சாரத்துக்குச் சர்க்கரை" என்று வாசித்துக்கொண்டே வந்து, "செண்பகவடிவு, வயசு இருபத்திரெண்டு, புருஷன் சரியில்லை, கிணத்துல விழப் பார்க்கா" என்று வாசித்தாள்.

"யாரு பிள்ளே இது? மேலத்தெரு சபையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

தவக்காலத்தில் நாவல் படித்தேன் என்று சொல்ல பாக்கியலீலாவுக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்ட பன்னிரண்டு பேரும் அழுது, மன்றாடி, தரையைத் தட்டி ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்து பதின்மூன்று ஆமென் விழுந்தது. செண்பகவடிவு குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி. முதலில் மாரித்தங்கம் அச்சுப்பிழை என்று நினைத்தாள், பிறகு, அடுத்த வாரம் ஜெபக்குறிப்பில் ஏறிய லாரி டிரைவர் நூற்றைம்பதாம் பக்கத்தில் பரோட்டா தின்பதைப் பார்த்தபோது நீளநோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க வேலையா இது?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னதும், "சரி, கிழிக்காம, மடக்காம பண்ணினாப் போதும்" என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள். குருவானவரிடம் கேட்டார்கள். அவர் சபைச் சட்டப் புத்தகத்தை ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, இதைப்பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை, அதனால் தடையும் இல்லை என்றார். பிறகு பெண்கள் சீக்கான பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரிப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வியாழக்கிழமை வந்தார்கள். கதைகளில் கைவிடப்பட்டவர்களுக்குக் கடிதம் வந்தது, குருடர்களுக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு வழி தெரிந்தது. ஒரு துப்பறியும் கதையில் செத்துக்கிடக்க வேண்டிய ஜமீன்தாருக்காக யாரோ ஜெபித்துவிட, அவர் பிழைத்து எழுந்து பல் விளக்கப்போக, துப்பறிகிறவர் மீதி இருநூறு பக்கமும் செய்ய ஒன்றுமில்லாமல் அந்த வீட்டிலேயே தங்கி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் சந்தோஷம் என்று சொல்லமுடியாது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் காஜா மைதீன் சார் ஒருநாள் செண்பகவடிவின் கதையை எடுத்துக்கொண்டு பாக்கியலீலாவின் வாசலுக்கே வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரி மௌத்தான வருஷம் இதைப் படிச்சேம்மா. வீட்டுல மகளுக முன்னால அழ முடியலை. இந்தப் பிள்ளை கிணத்துல விழுந்த பக்கத்தை வச்சுக்கிட்டுத்தான் அழுதேன். வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு எடுத்துப் படிப்பேன். இப்ப அவ ஈரோட்டுல தையல்கடை வச்சிருக்கா. நல்லா இருக்கட்டும். ஆனா நான் எங்க போயி அழ?"

பாக்கியலீலா, "தெரியாமப் பண்ணிட்டேன் சார்" என்றாள்.

"கதைதான, போகட்டும். ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுதேன். தன் வாழ்க்கையைத் தானே எழுதினவங்க புத்தகம் இருக்கு பாருங்க, அதுல மட்டும் கைவைக்காதீங்க. அவங்க பட்டது பட்டதுதான். அதை எடுத்துட்டா அவங்ககிட்ட வேற என்ன இருக்கு?"

அவள் சத்தியம் செய்கிறவள் அல்ல, செய்யக்கூடாது என்று கற்றவள். ஆனாலும் சரி என்று சொன்னாள், அவள் சரி என்றால் சரிதான் என்று ஊருக்குத் தெரியும். மாரித்தங்கம் தன்வரலாறுகளையெல்லாம் தனி அலமாரிக்கு மாற்றி, 'ஜெபத்துக்கு அல்ல' என்று அட்டையில் எழுதி ஒட்டினாள். பாக்கியலீலா அவற்றையும் படித்தாள். ஒரு மில் தொழிலாளி எழுதியதைப் படித்துவிட்டு, 'விரல் போன இடத்தை ரொம்பச் சுருக்கமா எழுதிட்டார், வலிச்சிருக்கும்' என்று எழுதி, அதோடு பேனாவை மூடிவைத்தாள்.

இப்படியிருக்கையில் ஹெப்சியின் புத்தகம் வந்தது.

மகள் புத்தகம் எழுதுகிறாள் என்று பாக்கியலீலாவுக்குத் தெரியும், என்ன எழுதுகிறாள் என்று தெரியாது. ஹெப்சி போனில் அதிகம் பேசுகிறவள் இல்லை. "சாப்பிட்டியா" என்றால் "ம்" என்பாள். ஊருக்கு வந்தால் இரண்டு நாள். அதிலும் பாக்கியலீலா வாய்தவறி "பசிக்குதா" என்று கேட்டுவிட்டால், தட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் எழுந்துபோய்விடுவாள். பத்தொன்பது வருஷமாக அப்படி. மெட்ராஸ் தண்ணி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பாக்கியலீலா நினைத்து, அதற்கும் ஜெபித்துவந்தாள்.

மாரித்தங்கம் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை முதலில் தாயிடம் கொடுத்தாள். அட்டையில் ஹெப்சியின் பெயரைப் பார்த்துப் பாக்கியலீலா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, வேதம் வாசிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தாள். அம்மாவின் அரிசிமாவு வாசனையை மகள் எழுதியிருந்தாள், அப்பாவின் சைக்கிளை எழுதியிருந்தாள். அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு வியாழக்கிழமையை எழுதியிருந்தாள்.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பஸ்ஸில் கூட வருகிற கதிரேசன் என்ற பையனுக்கு ஒரு கடிதம் எழுதி, கொடுக்கத் தைரியமில்லாமல், துணி அலமாரியில் பாவாடைக்கு அடியில் வைத்திருந்தாள். ஆறாம் பிரிவேளையோடு பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். புறவாசல் வழியாக வந்து துவைகல் பக்கத்தில் செருப்பைக் கழற்றும்போது, முன்னறையில் அம்மாவின் குரல் கேட்டது. 'உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பசிக்க மாட்டேன் என்கிறது.' அம்மா அதை அழுதுகொண்டே வாசித்தாள், என் மகளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றாள். 'நான் எழுதின ஒரே நல்ல வாக்கியம் அது. அதை என் அம்மாவின் குரலில்தான் முதன்முதலாகக் கேட்டேன். பிறகு பன்னிரண்டு ஆமென் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்றவள் பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு, பசிக்குதாடி என்று கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறு மூன்று பேர் கேட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு அந்த ஊரில் பசிக்கவே இல்லை.'

பாக்கியலீலா புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்தாள். அடுப்பில் உலை கொதித்து வழிந்து அடங்கியது. அன்றைக்கு அவள் மகளை அடிக்கவில்லை, வையவில்லை, புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. ஜெபம்தான் செய்தாள். செய்ததிலெல்லாம் நல்லதாக அதைத்தான் இத்தனை வருஷமும் நினைத்துவைத்திருந்தாள். 'உம்மைப் போல ஒரு தாய் உண்டா' என்று அன்றைக்கு எமிலியக்கா சொன்னதையும் நினைத்துவைத்திருந்தாள். இப்போது உடம்பெல்லாம் கூசியது. கண்ணாடியில் சேலையைச் சரிசெய்யப் போனவள் கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பிவந்தாள்.

கூசியதெல்லாம் மகளுக்காக மட்டும்தான் என்றால் அவள் தப்பியிருப்பாள். ஆனால் இன்னொரு பிரதி நூலகத்தில் இருந்தது. நாளைக்கு எமிலியக்கா படிப்பாள், போஸ்ட்மாஸ்டர் படிப்பார், குருவானவர் சம்சாரம் படிப்பாள். இதை நினைத்தபோது அவள் கை தானாகவே ஜெபக்குறிப்பு நோட்டை எடுத்தது. தனி அலமாரியின் அட்டை நினைவு வந்தது, போஸ்ட்மாஸ்டரிடம் சொன்ன சரி நினைவு வந்தது. இரண்டையும் ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு எழுதினாள்: 'ஒரு தாய். பேர் வேண்டாம். மகள் விஷயத்தில் அவளுக்கு நல்ல புத்தி கிடைக்க.'

அந்த வியாழக்கிழமை பெண்கள் ஜெபித்தார்கள். அவள் எல்லாரையும்விடச் சத்தமாக ஜெபித்தாள்.

அப்படியே ஆயிற்று. அறுபத்தோராம் பக்கத்தில் தாய் அலமாரியைத் திறந்தாள், கடிதத்தைக் கண்டாள், மடித்தது மடித்தபடியே பாவாடைக்கு அடியில் திரும்ப வைத்தாள், அடுப்பங்கரைக்குப் போய்ச் சாளை மீன் பொரித்தாள், பள்ளிக்கூடம் விட்டுவந்த மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஊரார் படித்தார்கள். "அறுபத்தொண்ணாம் பக்கத்துல கண்ணு கலங்கிருச்சு பாக்கியம். தாயின்னா இப்படில்லா இருக்கணும்" என்றாள் எமிலியக்கா. 'மிக நன்று' என்று நீளநோட்டில் ஒன்பது பேர் எழுதினார்கள். பாக்கியலீலா அந்த வாரம் முழுக்கத் தெருவில் போகும்போது முக்காட்டை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். வெயில் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் காலையில் ஹெப்சி போன் செய்தாள். எப்போதும் பாக்கியலீலாதான் செய்வாள்.

"அம்மா, அறுபத்தொண்ணாம் பக்கம் என்னாச்சு?"

பாக்கியலீலா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"எங்கிட்ட இருக்கிறதுலயும் மாறியிருக்கு. கையெழுத்துப் பிரதியிலயும் மாறியிருக்கு. எனக்கு மட்டும் மாறலை, எனக்கு எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கு. இப்ப நான் சொன்னா நான்தான் பொய்யி." அவள் கோபமாகப் பேசவில்லை, களைத்துப்போய்ப் பேசினாள். "அந்தப் பக்கத்தை எழுத எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆச்சும்மா."

"நான் உனக்காகத்தான்..." என்று தொடங்கிய பாக்கியலீலா, அது பொய் என்று வாய்க்குள்ளேயே தெரிந்து நிறுத்திக்கொண்டாள்.

"இந்தத் தடவையும் எல்லாரையும் கூட்டி வச்சுத்தான் பண்ணினீங்களா?" என்று கேட்டுவிட்டு ஹெப்சி போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை நோட்டை யாரிடமும் கொடுக்காமல் பாக்கியலீலா எழுந்து நின்றாள். பேர் வேண்டாம் என்று எழுதிய தாய் நான்தான் என்றாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இதே பாயில் உட்கார்ந்து வாசித்த கடிதத்தைச் சொன்னாள், துவைகல் பக்கத்தில் நின்ற பிள்ளையைச் சொன்னாள். அன்றைக்கு இருந்தவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை, மற்றவர்கள் எல்லாரும் இருந்தார்கள். வெகுநேரம் சேலைத் தலைப்புகளை மடித்துக்கொண்டும் விரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

"நல்லதுக்குத்தான பிள்ளே ஜெபிச்சோம்" என்றாள் எமிலியக்கா. பிறகு இன்னும் மெதுவாக, "எம் பேத்தியாக்கும் முதல்ல பசிக்குதாடின்னு கேட்டவ. நான்தான் வீட்டுல போயிச் சொன்னேன்" என்றாள்.

எழுதினது எழுதினபடி திரும்பி வரட்டும் என்று ஜெபித்தார்கள். மறுநாள் நூலகத்தில் மாரித்தங்கம் புத்தகத்தை விரித்துப் பாக்கியலீலாவின் முன் வைத்தாள். சாளை மீன் போயிருந்தது, தலையைத் தடவின கை போயிருந்தது, கடிதமும் திரும்பி வரவில்லை. அறுபத்தோராம் பக்கம் வெள்ளையாக இருந்தது.

செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டுக் காஜா மைதீன் சார் எட்டிப்பார்த்தார். அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "அந்தப் பிள்ளை ஒருதரம் எழுதிக் கொடுத்துட்டாம்மா. இன்னொரு தரம் அவகிட்டயே கேக்கிறது நியாயமில்லை" என்று மட்டும் சொன்னார்.

பாக்கியலீலா நூலக வாசலில் நின்று மகளுக்குப் போன் செய்தாள். ஆறாவது தடவை எடுத்தாள்.

"பக்கம் காலியா இருக்கு ஹெப்சி. நான் எழுதட்டுமா? நீ வேண்டாம்னா எழுதலை."

பஸ் ஒன்று வந்து ஆளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

"உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க" என்றாள் ஹெப்சி. "எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதாதீங்க."

செய்தித்தாள் வாசிக்கிறவர்களுக்கு நடுவில், நீள மேசையில், காலை பதினொரு மணி வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதினாள். வேறு தாளில் எழுதிப் பார்க்கவில்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே நெடுநேரம் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, வியர்த்து, சந்தையில் முந்தானை நழுவி நிற்கிறவளைப் போல இருந்தாள், ஆனாலும் எழுந்து போகவில்லை.

'நான் ஹெப்சியின் தாய் பாக்கியலீலா. அலமாறியைத் திறந்தது நான். சட்டை தேடித் திறந்தேன் என்று அப்போது சொன்னேன். அது இல்லை, வேவு பார்க்கத்தான் திறந்தேன். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நல்லா எழுதியிருக்காளே என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை கூட்டத்தில் சத்தமாக வாசித்தேன். அழுதேன். எல்லாரும் என்னையே பார்த்தது எனக்கு நல்லா இருந்தது. அதுதான் பெரிய பாவம். புறவாசலில் செருப்பு கிடந்ததைப் பிற்பாடு பார்த்தேன். பார்க்காதவள் மாதிரி இருந்துவிட்டேன். ஹெப்சி பன்னிரண்டு ஆமென் என்று எழுதியிருந்தாள். தூரத்தில் நின்றதால் சரியாகக் கேட்டிருக்காது. பதின்மூன்று. முதல் ஆமென் என்னுடையது.'

அவ்வளவுதான் எழுதினாள். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாப் பிரதிகளிலும், கடைகளில் இருந்தவற்றிலும், சென்னையில் ஹெப்சியின் மேசையில் இருந்ததிலும், அச்செழுத்துகளுக்கு நடுவே அந்த ஒரு பக்கம் மட்டும் எட்டாம் வகுப்புக் கையெழுத்தில், கோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிப்போக, நீல மையில் இருந்தது. ஆறுதல்புரம் அதையும் எடுத்துக்கொண்டது. சிலர் அவளிடம் ஒரு மாதம் பேசவில்லை, சிலர் வழியில் கண்டால் எதிர்ப்பக்கம் பார்த்தார்கள், அவளும் முக்காட்டை இழுத்துவிடாமல் போனாள். வியாழக்கிழமைகளில் யாராவது குறிப்புக் கொடுத்தால், "அந்தப் பிள்ளைகிட்டக் கேட்டியா?" என்று எமிலியக்கா முதலில் கேட்கத் தொடங்கினாள். பாதிக் குறிப்பு அதிலேயே குறைந்துபோனது. புத்தகங்களை யாரும் கொண்டுவரவில்லை. அந்த வருஷம் அந்தத் தேதிக்குக் காஜா மைதீன் சார் செண்பகவடிவைக் கேட்கவில்லை. தனி அலமாரியிலிருந்து ஹெப்சியின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மாரித்தங்கம் மட்டும் விடவில்லை. "அக்கா, இந்தப் புத்தகத்துக்கு நீங்க கருத்து எழுதலை. பதிவேட்டுல காலியா நிக்கிது" என்று நீளநோட்டைத் தள்ளினாள்.

பாக்கியலீலா பேனாவை வாங்கினாள். 'ஆசிரியர் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். இதில் வரும் தாய்க்காக யாரும் ஜெபிக்க வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அலமாரிக்குப் பெரிய ற போட்டிருக்கீங்க" என்றாள் ஹெப்சி.

"தப்பா? திருத்திரட்டுமா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

பிறகு இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள். முன்னெல்லாம் இப்படி ஒரு மௌனம் வந்தால் பாக்கியலீலா, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுவோமா என்று கேட்டு அதை நிரப்பிவிடுவாள். இன்றைக்குக் கேட்கவில்லை. உலை கொதிக்கிற சத்தம் அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும்.

"என்ன சமைக்கிறீங்க?"

"சாளை."

பிறகு, மகள் வாயில் பத்தொன்பது வருஷமாக வராத அந்த வார்த்தை, சாதாரணமாக, கொஞ்சம் சலிப்போடுகூட, வந்தது.

"எனக்கும் பசிக்குதும்மா."

பாக்கியலீலா ஆமென் என்றுகூடச் சொல்லவில்லை.